சோப்புத்தூள்காரியின் குரல்

– இந்தப் புதுச் சோப்புத்தூள் விளம்பரத்துக்கு இன்னும் நாலே வரிதான் மேடம், பேசி முடிச்சிடறேன். ஆமா, டப்பிங்குக்கெல்லாம் நீங்க எதுக்கு வந்துக்கிட்டு? இருபத்திரண்டு படத்துல உங்களுக்குக் குரல் குடுத்திருக்கேன். ஒரு நாள் இந்தக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததில்லையே தாயே!

– கூச்சமா இருக்கும்க்கா. வாய் என்னுது அசையும், குரல் உங்களுது வரும். அதைப் பக்கத்துல உக்காந்து எப்படிப் பார்க்கறது?

– அட, அதுல என்ன இருக்கு? முகம் உங்களுது, தொண்டை என்னுது. ஆளுக்குப் பாதியா பொழப்பை ஓட்டிட்டோம். கதாநாயகி, அப்புறம் அண்ணி, அப்புறம் மாமியார்...

– அப்புறம் சோப்புத்தூள். ஆறு வருஷமா ஒரு டைரக்டர் கூப்பிடலை.

– சோப்புத்தூளுக்கு என்ன குறைச்சல்? படம் மூணு வாரத்துல தியேட்டரை விட்டு ஓடிடும். நம்ம போன விளம்பரம் இன்னும் தினம் இருபது தடவை வீட்டுக்குள்ளயே வருது.

– அதுக்குத்தான்க்கா வந்தேன். அந்த இருபது தடவையும் எங்கம்மா கேக்கறாங்க.

– பார்க்கறாங்கன்னு சொல்லுங்க.

– பார்வை போயிடுச்சுக்கா, ரெண்டு வருஷமாச்சு. ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமா கழண்டுக்கிட்டே வருது. விளம்பரம் வந்தா மட்டும் நிமிர்ந்து உக்காருவாங்க. "என் பொண்ணு பேசறா, சத்தம் போடாதே"ம்பாங்க.

– யாரை?

– என்னைத்தான். வீட்ல நாங்க ரெண்டு பேர்தானே.

– அடக் கடவுளே.

– "நான்தாம்மா உன் பொண்ணு"ன்னா, "போடி, அவ குரல் எப்படி இருக்கும்! உனக்குத் தகரத்தைச் சுரண்டற மாதிரி இருக்கு"ங்கறாங்க. முதல் படத்துலயே டைரக்டர் சொன்னதுதான். ஆனா அவரு வேத்தாள்.

– நீங்க எந்நேரமும் ஷூட்டிங் ஷூட்டிங்னு வெளியூர்ல கிடந்தீங்க. பாவம், அவங்க உங்க கூட இருந்ததே படத்துலதானே... இதப் பாருங்க, ஏதோ வாய்தவறிச் சொல்லிட்டேன்.

– இல்லக்கா. உள்ளதுதான்.

– சரி, நான் என்ன பண்ணணும்? வீட்டுக்கு வரட்டுமா? மகளாட்டம் உக்காந்து நாலு வார்த்தை பேசிட்டு வர்றேன்.

– வேணாம்க்கா. நீங்க கிளம்பிப் போனப்புறம், வாசப்பக்கமே காதை வச்சுக்கிட்டு இருப்பாங்க. என்னால அதைப் பார்க்க முடியாது. இந்த போன்ல பதிஞ்சு குடுங்க, போதும்.

– அவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு தயங்கினீங்க? வேணும்னா ஒரு பாட்டே பாடித் தர்றேன்.

– மூணு நாளா சரியா சாப்பிடலைக்கா. கரண்டியைக் கிட்ட கொண்டுபோனாலே, "எவளோ கண்டவ ஊட்டறா"ன்னு வாயை இறுக்கி மூடிக்கறாங்க.

– மேடம்... அழாதீங்க. ஏய், அழாதே கண்ணு. கொண்டா அந்த போனை. என்ன பேசணும், சொல்லு.

– "அம்மா, வீட்ல உன்னைப் பார்த்துக்க ஒருத்தி இருக்கா பாரு, அவ நான் வச்ச ஆளுதான். நல்லவ. அவ கையால சாப்பிடும்மா"ன்னு சொல்லுங்க.