ஒரு குரலுக்கு மட்டும் திறந்த காது

இந்த அறையின் ஏ.சி.யில் ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது. அந்த மெல்லிய கடகடப்பு அதனால்தான். உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். எனக்குச் சத்தங்களோடுதான் தொழில் என்பதால் அது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு திருப்புளி கொடுத்தால் போகும்போது இறுக்கிவிட்டுப் போகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மொழிபெயர்க்கும் அம்மாவுக்குச் சிரமமில்லாமல் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். அவசரமாகச் சொன்னால் ஏதோ கோபத்தில் செய்ததுபோல் ஆகிவிடும். எனக்குக் கோபம் வரவே இல்லை.

நான் ஒரு மருத்துவமனையின் செவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். காது மந்தமானவர்களின் கேட்கும் திறனை அளந்து, அதற்கேற்பக் கருவி பொருத்துவது என் வேலை. என் மனைவிக்கு நடுவயதில் காது மந்தமானபோது நான்தான் அளந்தேன், நான்தான் பொருத்தினேன். காதுக்கு ஒன்றாக இரண்டு கருவிகள், அவரைக்கொட்டை அளவில். அவள் ஒரு பள்ளியில் நூலகராக இருந்தாள். கருவிகளைப் போட்டுக்கொண்டால் கடைசி மேசையில் பிள்ளைகள் குசுகுசுப்பதுகூட அவளுக்குக் கேட்கும். என் வேலையில் எனக்குப் பெருமை தந்த காது அவளுடையதுதான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு ஒரு தங்கை. சொந்தமாக ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். ஒருநாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மனைவி என்னைக் காட்டித் தங்கையிடம் சொன்னாள்:

"ஒரு டம்ளர் தண்ணி கேட்டாக்கூட, குழாய் எங்கேருந்து வருதுன்னு ஆரம்பிச்சிடுவார்டி. அப்ப நான் மெஷினைக் கழட்டி வெச்சிடுவேன். தலையை மட்டும் ஆட்டிக்கிட்டிருப்பேன்."

"பாவம் அத்தான். இத்தனை வருஷமா சுவத்துக்கிட்டயா பேசிட்டிருந்தீங்க?"

"சுவர் தலையாட்டுமா? நான் ஆட்டுவேன்ல," என்றாள் மனைவி.

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழம்பு அன்றைக்கு நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

சில நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டே அவள் இன்னொன்றும் சொன்னாள். உலகத்தைச் சுற்றிவர நாங்கள் வெகுகாலமாகப் போட்டுவைத்திருந்த திட்டம் அப்போதுதான் கைகூடியிருந்தது.

"போயிட்டு வந்ததும் நான் தங்கச்சி வீட்டோட இருந்துடறேன். அவ மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. உங்களோட சண்டையெல்லாம் இல்லீங்க. மிச்ச நாளைக் கொஞ்சம் அமைதியா இருந்து பாக்கணும்போல இருக்கு."

"அப்ப பயணம்?"

"அது வேற. அது நம்ம ரெண்டு பேரோட ஆசை. அதை நல்லபடியா முடிச்சுடுவோம்."

முடித்துவிடுவோம் என்றாள். உலகம் உருண்டை என்பதால் எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் வீடு வந்துவிடும். பயணம் முழுவதும் அவள் என்னோடு இருப்பாள், முடிந்ததும் இருக்கமாட்டாள். என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். கை கட்டப்பட்டவன்போலத்தான் நான் கப்பல் ஏறினேன்.

முதலில் நான் செய்ததெல்லாம் எந்தக் கணவனும் செய்யக்கூடியதுதான். விமானத்தில் போகவேண்டிய இடத்துக்கு ரயிலில் போனோம். ஒரு தீவில் கூடுதலாகத் தங்கினோம். பனி பெய்யும் ஊரில் பனி நிற்கட்டும் என்று காத்திருந்தோம். ஆனாலும் அவள் வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் மீதித் தூரம் குறைந்துகொண்டே வந்தது.

இங்கே கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நிறையப் பேர் அது சத்தத்தைக் கூட்டும் பெட்டி என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. சத்தத்தைக் கனத்தது முதல் கீச்சென்பது வரை தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தேவையான அளவுக்கு உயர்த்திக் கொடுக்கும். மனிதப் பேச்சில் உயிரெழுத்துகள் கனத்த பக்கம் இருக்கின்றன. பேச்சுக்குச் சத்தத்தைக் கொடுப்பவை அவை. ச, த, ப போன்ற ஒலிகளின் உரசலும் வெடிப்பும் கீச்சென்ற மெலிந்த பக்கம் இருக்கின்றன. பொருளைக் கொடுப்பவை அவை. மெலிந்த பக்கத்தை மட்டும் குறைத்தால் யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. பக்கத்து வீட்டில் நடக்கும் பேச்சுபோல இருக்கும்.

தினமும் மாலையில் அவள் கருவிகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பாள். நான் துடைத்து, ஈரம் போக்கி, மடிக்கணினியில் இணைத்துச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுப்பேன். வீட்டிலும் அதுதான் வழக்கம். கப்பலில் ஒருநாள் மெலிந்த பட்டைகளைக் கொஞ்சம் இறக்கினேன். பிறகு இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக இறக்கினால் கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பாள். சிறுகச் சிறுக இறக்கினால் காது கெட்டுவிட்டது என்று நினைப்பாள்.

கப்பல் சாப்பாட்டு மேசையில் எங்களோடு ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் உட்காருவார்கள். டாக்டர் வேடிக்கையாகப் பேசுவார். ஆரம்பத்தில் என் மனைவிதான் முதலில் சிரிப்பாள். பிறகு மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக்கு வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்:

"ஏங்க, எனக்கு மொத்தமா போயிடுமா?"

"பாத்துக்கலாம். நான் இருக்கேன்ல."

ஹெட்போன் மாட்டி அவளைச் சோதித்து, கீழே இறங்கும் ஒரு கோட்டைத் திரையில் காட்டினேன். அந்தக் கோட்டை முன்பே வரைந்துவைத்திருந்தேன். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்று அவள் கேட்கவில்லை. முப்பது வருடமாக நான்தானே அவள் டாக்டர்.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். அவளை முழு மௌனத்தில் விட எனக்கு மனம் வரவில்லை. என் குரலை நானே பதிவுசெய்து, அது எந்தப் பட்டைகளில் விழுகிறது என்று பார்த்தேன். எனக்குக் கட்டைக் குரல். மெதுவாக, சொல் சொல்லாக, அவள் வலது காதருகே பேசினால் எந்தெந்தப் பட்டை வேண்டுமோ அவற்றை மட்டும் நன்றாகத் திறந்துவைத்தேன். மற்றதெல்லாம் மூடப்பட்ட வீட்டில் ஒரு சன்னல். லாரி, பேருந்து, ரயில் இன்ஜின் எல்லாம் அதே கனத்த பக்கம் என்பதால் தெருவிலும் அவளுக்கு ஆபத்தில்லை. அதையும் யோசித்துத்தான் செய்தேன்.

அதன்பிறகு வந்த மாதங்கள்தான் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். விடுதிக்காரர் சொல்வதை நான் அவளுக்குச் சொல்வேன். வழிகாட்டி சொல்வதை நான் சொல்வேன். அருவி எப்படி விழுகிறது, பழைய பாலத்தின் வளைவு எப்படி எடையைத் தாங்குகிறது, எல்லாம் நான் சொல்வேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்பாள். புதிதாகக் கல்யாணம் ஆனபோதுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கருவியைக் கழற்றிவைக்கவும் இல்லை. இருந்த ஒரே குரலை யார் கழற்றிவைப்பார்கள்?

தங்கைதான் சிக்கல். அவளுக்குக் கையில் எப்போதும் மாவு. அதனால் எழுதமாட்டாள், குரலாகப் பதிந்து அனுப்புவாள். கிண்கிணியென்ற மெல்லிய குரல், முழுவதும் மெலிந்த பக்கம். மனைவி போனைக் காதில் அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவாள்.

"அக்கா, மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு. சன்னல்கிட்ட உனக்குன்னு ஒரு நாற்காலி போட்டிருக்கேன். எப்ப வர்ற?" என்று அதில் இருக்கும்.

"நல்லா சுத்திட்டு நிதானமா வாங்கன்னு சொல்றா," என்பேன்.

"ரூமைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லையே."

சிலமுறை இப்படி ஆனபிறகு, ஒரு விடுதியின் துணி துவைக்கும் அறையில், இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"நான் இனி அங்க போகலீங்க. காது போனவளை வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா? கடையையும் பாத்து என்னையும் பாப்பாளா? அவகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. ஓடி வந்துடுவா. எனக்கு வெக்கமா இருக்கு."

இயந்திரம் நிற்கும்வரை அவள் அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாமே, கருவியைப் பழையபடி ஏற்றியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அன்று மாலையே இணைத்துவைத்துக்கொண்டு யோசித்தேன். ஏற்றினால் தங்கையின் குரல் கேட்கும். வெள்ளையடித்த அறை தெரியவரும். கெட்டுப்போன காது ஒரே நாளில் எப்படிச் சரியானது என்று யோசிப்பாள். அவள் புத்திசாலி. எனக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. துடைத்து, அப்படியே கொடுத்துவிட்டேன்.

அக்காவிடமிருந்து பதிலே சரியாக வரவில்லை என்று தங்கைக்குச் சந்தேகம். எனக்கு ஒரு பதிவு அனுப்பினாள். "அத்தான், உங்க விளக்கமெல்லாம் வேண்டாம். நீங்க அடுத்து இறங்கற ஊருக்கு நான் வரேன். என் அக்காவை என் கண்ணால பாக்கணும்." விடுதியின் பெயரை முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். மறைத்தால் தப்பாக நினைப்பாளே என்றுதான்.

மனைவியிடம் நான் சொல்லவில்லை. தங்கை வரும் நாளன்று காலையில் கருவியை இன்னும் ஒருபடி இறக்கினேன், ஒரு பாதுகாப்புக்கு. படகில் போய்வரலாம் என்று சொல்லி, சீக்கிரமே விடுதியிலிருந்து மனைவியை வெளியே அழைத்துவந்தேன். நான் வாசல் படியிலேயே நின்று படகுத்துறைக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முன்னால் நடைபாதை விளிம்பில் நின்றாள். எதிர்ப்பக்கம் ஒரு டாக்சி வந்து நின்று, தங்கை இறங்கினாள். விமானம் முன்கூட்டியே இறங்கிவிட்டதாம்.

தங்கையைப் பார்த்ததும் அவள் ஓடினாள். அத்தனை மாதத்தில் அவள் ஓடி நான் பார்க்கவில்லை. வெட்கம், பாரம் என்றெல்லாம் சொன்னவள், கையை நீட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள்.

உங்கள் ஊர் டிராம் வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மின்சாரத்தில் ஓடுபவை, கனத்த இன்ஜின் சத்தமே கிடையாது. ஒரு மெல்லிய ரீங்காரம், மணியும் மெல்லிய மணி. எல்லாம் நான் மூடிவைத்த பக்கம். ஓட்டுநர் மணியடித்தார். விடாமல் அடித்தார். அவரை நீங்கள் வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், அது சரியில்லை. தங்கை இரண்டு கையையும் ஆட்டி "அக்கா, நில்லு" என்று கத்தினாள். தெருவே கத்தியது. அவளுக்கு அது எதுவும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தாள். அதே வேகத்தில் போயிருந்தால் தண்டவாளத்தைத் தாண்டியிருப்பாள். ஓட்டுநரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

நான் கூப்பிட்டேன்.

"இங்க வா" என்று, கட்டைக் குரலில், உரக்க. அது அவளுக்குக் கேட்டது. எவ்வளவு துல்லியமாகப் பொருத்தியிருந்தால் அந்தத் தூரத்திலும் கேட்டிருக்கும் என்று பாருங்கள். அவள் நின்றாள். தண்டவாளத்தின் மேல் நின்று, என் பக்கம் திரும்பினாள்.

வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டாயா என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். பார்த்தேன். வண்டியையும் பார்த்தேன், இன்னும் நாலு எட்டில் அவள் தங்கையிடம் போய்ச்சேர்ந்துவிடுவாள் என்பதையும் பார்த்தேன். மணி அடிக்கிறதே, ஒதுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் மனிதனுக்கு எல்லாம் நினைவிருக்குமா?

உங்கள் டாக்டர்கள் அவள் காலைக் காப்பாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. அவர்கள்மேல் குறை சொல்லமாட்டேன். மயக்கத்தில் இருக்கும்போதே தலையில் மின்முனைகள் ஒட்டி, மூளை சத்தத்துக்குப் பதில் தருகிறதா என்று பார்த்தார்கள். மிக நல்ல சோதனை அது. ஆள் தூங்கினாலும் காது பொய் சொல்லாது. நான் காட்டிய கோட்டுக்கும் அவள் காதுக்கும் சம்பந்தமே இல்லை என்று அதில்தான் தெரிந்தது. இல்லாவிட்டால் நாம் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டோம்.

புதுக் கருவிகள் பொருத்தியிருக்கிறார்களாம். மனைவி கண் விழித்ததும் தங்கை பேசினாளாம், இவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாளாம். அந்த அறையின் வெள்ளை, நாற்காலி, எல்லாம். பிறகு நான் செய்ததை அவளிடம் சொன்னபோது, என் குரல் தன் காதில் இனி எந்நாளும் விழக்கூடாது என்று சொல்லிவிட்டாள் என்கிறீர்கள்.

அதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. இத்தனை மாதம் அமைதியில் இருந்த காதுக்குள் உலகத்தின் சத்தம் முழுவதையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். யாருக்கானாலும் குழப்பமும் எரிச்சலும் வரும், வாய்க்கு வந்ததைச் சொல்லத் தோன்றும். என் அனுபவத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பொருத்தியவர் சின்னவராக இருப்பார். அந்தக் கருவிகளை ஐந்து நிமிடம் என் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் குறைத்துவைத்தால் போதும், அவளே என்னைக் கூப்பிடுவாள்.