டானர்ஸ் தெருப் பள்ளம்

ஜனநாயகம் என்பது மனித இனம் தன் கையால் தனக்கே கட்டிக்கொண்ட மகத்தான மாளிகை. அதன் ஒவ்வொரு கல்லும் யாரோ ஒருவரின் தியாகம். எங்கள் ஹாலோபெக் ஊரில் அது நடைமுறையில் என்னவென்றால், வேட்பாளர் சாலைப் பள்ளம் ஒன்றின் அருகே குந்தி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, பள்ளத்தை நோக்கி விரல் நீட்டிப் படம் எடுத்துக்கொள்வது. எல்லாக் கட்சிகளும் செய்வதுதான். சிரித்துவிட்டால் படம் வீண்.

கேட்டீர்கள், சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. தேநீருக்கு நன்றி.

புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கட்சியில் துண்டறிக்கைகள் என் பொறுப்பு. நகர சபைத் தேர்தலுக்கு நாங்கள் நிறுத்திய ஜூலியன் ஃபென்விக் ஒரு வீட்டுத் தரகர். இருட்டறையைக் கூட வெளிச்சமான அறை என்று விற்றுவிடுவார். அப்படிப்பட்டவராலேயே வாக்காளர் வாசலில் நின்று பேச முடியாத காலம் அது. எங்கள் அமைச்சர் ஒருவர் தன் நாயின் பல் வைத்தியச் செலவை அரசுக் கணக்கில் எழுதியது அந்த வாரம்தான் வெளியே வந்திருந்தது.

"நாய்க்குப் பல்லு பார்க்க ஆள் இருக்கு. எனக்குப் பல்லு பார்க்க இந்த ஊர்ல ஒரு டாக்டர் இல்ல. நானே குறடு வெச்சுப் பிடுங்கிக்கிட்டேன், பார்க்குறியா?" என்று ஒருவர் வாயைத் திறந்தே காட்டினார்.

"போன ஆட்சியில..." என்று ஜூலியன் தொடங்கினார்.

"போன ஆட்சியும் நீங்கதானேய்யா!" கதவு சாத்தப்பட்டது.

இந்த நிலையில் எங்களிடம் மிஞ்சியிருந்தது டானர்ஸ் தெருப் பள்ளம் ஒன்றுதான். மூன்று வருடமாக நான் அதைப் பற்றிப் புகார் எழுதி வந்தேன். உங்கள் புகார் எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒவ்வொரு முறையும் அதே பதில் வரும். படமெடுக்க நாள் குறித்தோம். துண்டறிக்கை முழுவதும் எழுதி, படத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன். அதற்கு முந்தின நாள் காலையில் ஒரு லாரி வந்து பள்ளத்தை அடைத்துவிட்டுப் போய்விட்டது.

என் எரிச்சலை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று வருடம் கேட்டபோது வராதவர்கள், வேண்டாத நாளில் வந்தார்கள். இந்த நாட்டில் பொதுச்சேவை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பள்ளம் இருந்தது உண்மை. அந்த உண்மையை நான் மீட்டெடுத்தேன், அவ்வளவுதான்.

ஆரஞ்சு நிற மேலங்கி, சாலையில் எச்சரிக்கைக்கு வைக்கும் இரண்டு பிளாஸ்டிக் கூம்புகள், ஒரு கடப்பாரை. பட்டப்பகலில்தான் தோண்டினேன். ஆரஞ்சு மேலங்கி போட்டவனை இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. காரில் போன ஒருவர் கண்ணாடியை இறக்கி, "இப்பவாவது வந்தீங்களே" என்று மட்டும் சொன்னார்.

எனிட் ஹாவர்த் தன் வீட்டிலிருந்து கோப்பையோடு வந்தார். பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவர், எதிர்க்கட்சி. அவர் ஜன்னலில் எப்போதும் அவர்கள் சுவரொட்டிதான். சனிக்கிழமை கடை வரிசையில் எனக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை நடக்காத வாரமே கிடையாது.

"என்ன டெரிக் ராசா, கட்சி வேலை கசந்து மண்ணு வெட்டப் போயிட்டியா?"

"அடியில கசிவு இருக்காம், எனிட். பார்க்கச் சொன்னாங்க."

"உன்னையா? அப்ப நாடு உருப்பட்ட மாதிரிதான். பிஸ்கெட் வேணுமா?"

எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை படம் நன்றாக வந்தது. ஜூலியன் சிரிக்கவே இல்லை. கூம்புகள் படத்தில் விழக்கூடாது என்று அகற்றினேன். திரும்ப வைத்தால் நகர சபை கவனிக்கிறது என்ற தோற்றம் வந்துவிடும் என்பதால் வைக்கவில்லை. மதியம் மழை பிடித்தது. பள்ளம் நிரம்பி, சாலையோடு சாலையாகக் கிடந்தது.

எனிட் தன் தபால் வாக்கைப் பெட்டியில் போடக் கிளம்பியிருக்கிறார். நான் அதே தெருவில் துண்டறிக்கை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பள்ளத்தில் விழுந்த சத்தம் கேட்டு ஓடியவன் நான்தான். ஆம்புலன்ஸுக்கு அழைத்ததும் நான்தான். நேரமாகும் என்றார்கள். என் மழைக்கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினேன். பிரச்சாரம் செய்பவர் பிறர் தபால் வாக்கைத் தொடக்கூடாது என்பது சட்டம். ஆகவே அவருடைய உறையை நான் தொடவில்லை. அது தண்ணீரில் கிடந்தது.

எதிர்வீட்டில் இருக்கும், குழாய் பழுதுபார்க்கும் கேவின் தன் வேனைக் கொண்டுவந்தார். "மெத்தை போட்டுப் படுக்க வெச்சுடலாம், டெரிக். பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி."

"இடுப்பு உடைஞ்சிருந்தா அசைக்கக்கூடாது கேவின். ஆம்புலன்ஸ்காரங்க சொல்லியிருக்காங்க."

உண்மையில் சொல்லித்தான் இருந்தார்கள். கேவின் குடையும் கம்பளியும் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை அழைத்துவரப் போனார்.

அப்போதுதான் எனிட் என் கையைப் பிடித்தார். "அடைச்ச பள்ளம் இது. நீதானேடா தோண்டினே, படுபாவி. எந்திரிச்சதும் ஊர் பூராச் சொல்றேன் பாரு."

குடையை அவர் முகத்துக்கு மேலே பிடித்தேன். வலியில் இருப்பவரோடு வாதம் செய்வது அழகில்லை.

பொழுது சாய்ந்தபோது குளிரில் அவருக்கிருந்த நடுக்கமும் நின்று, உடம்பு சில்லிட்டுவிட்டது. என்னைத் தன் தம்பி என்று நினைத்து ஏதோ பேசினார். ஆம்புலன்ஸ்காரர்கள் திரும்ப அழைத்தார்கள். நிலைமை மோசமாகியிருந்தால் வரிசையில் முன்னே கொண்டுவருகிறோம், ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார்கள்.

"இல்லைங்க, அப்படியேதான் இருக்காங்க" என்றேன்.

ஒரு தனி மனுஷியை மட்டும் பார்த்தால் அது தவறான பதில் போலத் தோன்றலாம். நான் ஊரையே பார்த்தேன். உடனே ஆம்புலன்ஸ் வந்தால் அது ஒரு விபத்து. விடிய விடியக் காத்திருந்தால் அது மக்கள் பிரச்சினை. அடுத்து விழுபவருக்கு அதனால் விடிவு பிறக்கும். எனிட் ஊர் பூராச் சொல்வேன் என்றதற்கும் என் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் கடைசிவரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒருவழியாக ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது; ஆஸ்பத்திரி நடைவழிக் கட்டிலிலேயே எனிட் போய்ச் சேர்ந்துவிட்டார். 'எனிடுக்காக வாக்களியுங்கள்' என்று புதிய துண்டறிக்கை போட்டோம். நான் எழுதியதிலேயே நல்லது அதுதான். அவருடைய கட்சிக்காரர்களே சிலர் அழுதார்கள்.

கேவின் வீட்டு அழைப்புமணியில் கேமரா இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடப்பாரை, கூம்பு, பிஸ்கெட் எல்லாம் அதில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கட்டும். தோண்டியது நான். கூம்பை எடுத்தது நான். ஆம்புலன்ஸை வரவிடாமல் செய்ததும் நான். கொள்கைக்காகச் செய்தேன், பலனும் கிடைத்தது: ஜூலியன் ஜெயித்தார்.

பதவியேற்ற அன்று நகர சபை எழுத்தர் அவரைத் தனியே அழைத்து விளக்கியிருக்கிறார். நகர சபைக்குக் குப்பைத்தொட்டி மட்டும்தானாம். சாலைகள் மாவட்டச் சபையின் பொறுப்பு. அங்கே இருபது வருடமாக எங்கள் கட்சிதான் ஆட்சியில் இருக்கிறது.