பொங்கல் அண்டாவில் மாத்திரை எதற்கு?

தட்டேந்தி வருவோருக்கெல்லாம் தாயாக நிற்கும் அன்னதானக் குழுவின் தலைவர், அம்மையார் ராணியம்மாள் அவர்களே! ஆர்வத்தில் எங்கள் அனைவரையும் முந்தி ஓடும் செயலாளர், அருமைத் தம்பி பிரகாஷ் அவர்களே! கரண்டி பிடித்துக் கை காய்த்த பெரியோர்களே! அடுப்படியில் தாம் வெந்து அடுத்தவர் வயிற்றைக் குளிர வைக்கும் தாய்மார்களே! வேங்கிக்கால் மண்டபத்தின் வாசல்வரை நிறைந்திருக்கும் என் உறவுகளே! இளஞ்செழியனின் வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே ‘வாழ்த்துரை’ என்று போட்டிருக்கிறீர்கள். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் மதியம் சமையல்கூடத்துக்குப் போனதிலிருந்து என் நினைப்பெல்லாம் வயிறுதான். சிரிக்காதீர்கள் ஐயா, வயிற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்!

போன பௌர்ணமியில் கிரிவலம் வந்தவர்கள் சிலருக்கு வயிற்றுப்போக்கு. தம்பி பிரகாஷ் துடித்துப்போனார். வயிற்றுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரைகளைத் தேடித் திரிந்தார். ரமணாசிரமம் பக்கம் விடுதி நடத்தும் ஒரு நல்ல மனிதர் பெட்டி பெட்டியாக வாங்கித் தந்தார். இன்று மதியம் சமையல்கூடத்தில் தம்பி என்னிடம் பெருமையாகக் காட்டினார்.

“அண்ணா, இது கோட்டிங் போட்ட மாத்திரை. வயித்துல இருக்கிற ஆசிட் தொடாது. நேரா குடலுக்குப் போயிடும். மத்ததைவிட பவர் ஜாஸ்தி!”

“சரி தம்பி, நாளைக்குப் பௌர்ணமிக்கு எப்படிக் கொடுக்கப்போறீங்க?”

“மாத்திரையா குடுத்தா எவன் வாங்குவான்? உடைச்சி, பவுடரைப் பொங்கல் அண்டாவுல கலந்துட்டா, பிரசாதம்னு கண்ணுல ஒத்திக்கினு சாப்பிடுவாங்க!”

அவையோரே, தேடித் தேடிக் கவசம் போட்ட வீரனை வாங்கி, கவசத்தைக் கழற்றிக் கொதிக்கும் கொப்பரையில் தள்ளுவதா? அமிலத்துக்கு அஞ்சி அமைத்த உறையை அரிவாள்மணையில் அறுப்பதா?

கோட்டிங் வேண்டுமா, வேண்டாமா? வேண்டிய உயிருக்கு வேண்டும். சில நுண்ணுயிர்கள் அமிலத்தில் மடியும், அவற்றுக்கு உறை துணை. சில தாமே தாங்கும், அவற்றுக்கு உறை அவசியமில்லை. உறை இருப்பதாலேயே ஒரு மாத்திரை உயர்ந்ததாகிவிடாது. உள்ளே இருப்பது எந்த இனம்? நம் நோய்க்கு அது உதவுமென்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா? காலாவதி நாள்வரை உயிரோடிருக்குமா? வெயிலில் கிடந்ததா, குளிரில் இருந்ததா? இதையெல்லாம் கேட்காமல் கோட்டிங்கை மட்டும் பார்த்து வாங்குவது, பாத்திரத்தின் பளபளப்பைப் பார்த்துச் சோற்றை மெச்சுவது போலத்தான்.

என்ன அங்கே? “சூட்டுல செத்துட்டா கெடுதல் இல்லையே” என்கிறீர்களா? நல்ல கேள்வி! செத்தால் வீண். ஆனால் எல்லாம் சாகுமா? சூட்டையும் தாங்கும் வகை இருக்கிறது. பவுடரைக் கலக்கும்போது சோறு ஆறியிருந்தால்? பிழைத்தது யாருடைய தட்டில் விழும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா?

எனக்குப் பயமாக இருக்கிறது. வெளிப்படையாகவே சொல்கிறேன். என் தங்கை அன்புச்செல்வி, அதோ, தலையில் துப்பட்டா போட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறாள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி கம்மி. நமக்கு நன்மை செய்யும் அதே நுண்ணுயிர் அவளுடைய இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். “என்னைக் கேக்காம இந்த மாத்திரையைத் தொடவே கூடாது” என்று அவளுடைய டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். உறையைப் பற்றி இங்கே நான் சொன்னதெல்லாம் அவரிடம் கேட்டறிந்ததுதான்.

மாதாமாதம் அவள் கிரிவலப் பாதையில் உங்கள் பொங்கலை வாங்கிச் சாப்பிடுகிறாள். வெளிச் சாப்பாட்டில் டாக்டர் அனுமதித்தது அது ஒன்றுதான், கொதிக்கக் கொதிக்க வெந்த சோறு என்பதால். சமையல்கூடத்திலிருந்து நேராக அவளிடம் போய், “இந்த மாசம் வேணாம்மா” என்றேன். அவள் கேட்டாள்: “அண்ணாமலையார் பேரைச் சொல்லிப் போடுற சோத்தையும் நான் பயந்து பயந்துதான் சாப்பிடணுமாண்ணா?”

அந்தக் கேள்வியோடுதான் இந்த மேடை ஏறினேன்.

அன்பு நெஞ்சங்களே! ஓட்டலில் கேட்பார்கள், இதில் என்ன போட்டாய் என்று. கல்யாணத்தில் கேட்பார்கள். கிரிவலத்தில் யார் கேட்கிறார்கள்? சர்க்கரை நோயாளி கேட்பதில்லை, சிறுநீரகம் மாற்றியவர் கேட்பதில்லை, கைக்குழந்தைக்காரி கேட்பதில்லை! கேட்காமல் நீட்டுகிற கையில், சொல்லாமல் எதையும் வைக்க நமக்கு உரிமை உண்டா? நல்லதே ஆனாலும் உண்டா? தண்ணீரைக் காய்ச்சுங்கள், கையைக் கழுவுங்கள், அண்டாவை மூடுங்கள். போன மாத வயிற்றுப்போக்குக்கு மருந்து அங்கே இருக்கிறது!

தம்பி பிரகாஷ், தலை குனியாதீர்கள். உங்கள் இரக்கத்தில் எனக்கு ஐயமே இல்லை. அந்த மாத்திரைகளை ஒரு மருத்துவரிடம் ஒப்படையுங்கள். யாருக்கு வேண்டுமென்று அவர் பார்த்துக் கொடுக்கட்டும்.

தலைவர் அம்மா, நீங்கள் தலையசைப்பது எனக்குத் தெரிகிறது. கடைசி வரிசைக்குத் தெரியாது. இந்தாருங்கள் மைக்.

“நாளைக்குப் பொங்கல்ல அரிசி, பருப்பு, மொளகு, உப்பு, நெய். வேற எதுவும் போகாது. அண்டா பக்கத்துலயே நான் நிக்கிறேன். பயப்படாம வாம்மா.”

கேட்டாயா, அன்புச்செல்வி? கையைத் தட்டாதீர்கள் ஐயா, அவள் அழுகிறாள். நானும்தான். செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. நாளைக்கு என் தங்கைக்கு முதல் கரண்டி போடுங்கள். வணக்கம்.