அறைச்சீட்டில் ஒரு பெயர்

ஹெதர்: …இல்லடி, சரியாப் பாரு. வேற பட்டியலா இருக்கும்.

தெம்பெகா: மூணு தடவை பார்த்தாச்சு. நான் ஆறாம் நம்பர் அறை. நீ பதினொண்ணு.

ஹெதர்: பன்னெண்டாம் வகுப்பு, விடுதியில கடைசி வருஷம்… இப்பவுமா?

தெம்பெகா: என் அறையில எல்லாரும் ஜூலு பேசறவங்க. உன் அறையில நாலு பேருக்கும் மஞ்ச முடி. வார்டன் மிஸஸ் பெல் துவைக்கப் போடறாங்க போல. வெள்ளைத் துணி தனி, சாயத் துணி தனி.

ஹெதர்: சிரிக்காதே.

தெம்பெகா: சிரிக்கலை.

ஹெதர்: யார்கூட அறை வேணும்னு எழுதிப் போடற சீட்டுல ரெண்டு பேர் ஒருத்தர் பேரை ஒருத்தர் எழுதிட்டா, அவங்களைப் பிரிக்கக் கூடாது. அதுதானே விதி? எங்கம்மா இங்க படிச்ச காலத்துலயே உண்டு.

தெம்பெகா: உங்கம்மா காலத்துல கறுப்புப் பொண்ணு ஒருத்தியையும் இங்க சேர்க்கலை. பிரிக்கிற வேலை மிச்சம்.

ஹெதர்: நீ வேற… இனிமே எனக்கு ஜூலுல திட்டறதுக்கு யார் சொல்லிக் கொடுப்பா?

தெம்பெகா: பள்ளிக்கூட விளம்பர அட்டையில நாம தோள் மேல கை போட்டு நிக்கறோமே. அங்க வந்து கேளு.

ஹெதர்: விளையாடாதே. நான் மிஸஸ் பெல்கிட்டப் போறேன். சீட்டெல்லாம் அவங்க டிராயர்லதான் இருக்கும். எடுத்துக் காட்டச் சொல்றேன்.

தெம்பெகா: வேண்டாம்.

ஹெதர்: போன வருஷமும் நம்மளைப் பிரிச்சாங்க. அப்பவும் "விடு, விடு"ன்னுதான் சொன்னே.

தெம்பெகா: அப்பவும் என் பேரை எழுதினதாத்தான் நீ சொன்னே.

ஹெதர்: …ஆமா.

தெம்பெகா: ஆனா டிராயரைத் திறக்கச் சொல்லிக் கிளம்பலையே. டீ ஆறுது. குடி.

ஹெதர்: தெம்பெகா… போன வருஷம் நான் எழுதலை.

தெம்பெகா: ம்.

ஹெதர்: அம்மா ஃபோன்ல சொன்னாங்க. அதாவது… தப்பா இல்லை…

தெம்பெகா: "அவ ஆளுங்களோட இருந்தா அவளுக்கும் சௌகரியம்."

ஹெதர்: உனக்கு எப்படித் தெரியும்?

தெம்பெகா: ஈஸ்டருக்கு உங்க பண்ணைக்கு வந்தேனே, என்கிட்டயே சொன்னாங்க. பிரியமாத்தான் சொன்னாங்க. தட்டுல இன்னொரு துண்டு கறி வெச்சுக்கிட்டே.

ஹெதர்: ஐயோ… அதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு இத்தனை நாளா என்கூடப் பேசிட்டிருந்தியா?

தெம்பெகா: வேற யார்கூடப் பேசறது? கணக்குப் பாடம் உனக்குத்தானே புரியலை.

ஹெதர்: கேளு. இந்தத் தடவை அம்மாகிட்ட மூச்சு விடலை. சீட்டுல மூணு பேர் எழுத இடம் இருந்துச்சு. ஒரே பேர்தான் எழுதினேன். உன் பேர். நம்பறியா?

தெம்பெகா: நம்பறேன்.

ஹெதர்: அப்புறம் என்ன? எழுந்திரு. ரெண்டு பேர் சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எந்த நியாயத்துல பிரிச்சீங்கன்னு அவங்களையே கேப்போம்.

தெம்பெகா: கையை விடு, ஹெதர்.

ஹெதர்: எதுக்குடி இப்படிப் பயப்படறே?

தெம்பெகா: போன வருஷம் பட்டியல் முன்னாடி நின்னப்பவே எனக்குத் தெரியும், நீ எழுதலைன்னு. ஏன்னா, நான் எழுதியிருந்தேன். இந்த வருஷம்… வெறும் தாளைத்தான் மடிச்சுப் போட்டேன்.