சுலைகாம்மா லைன்ல இல்ல

உக்காரு தாயி. நீ நின்னுக்கிட்டே பேசுனா எனக்குக் கழுத்து வலிக்குது. ஆமா, சுலைகாம்மா நான்தான். ஒத்துக்கிட்டேன்ல, அப்பறம் என்ன? காலைல நீ மதுரையில இருந்து கூப்புட்டப்ப, வீட்டுல பெரியவுக யாரும் இல்ல ஆன்ட்டி, டியூசன் போகணும் வச்சிரவான்னு ஒரு சின்னப்புள்ள சொல்லுச்சே, அதுவும் நான்தான். அதையும் நம்பாம காரெடுத்துக்கிட்டு ராமநாதபுரத்துக்கே வந்து நிக்கிற பாரு, அதுலயே தெரியுது நீ செல்லச்சாமி சாரு பெத்த மகதான்னு.

பேசுறேன், பேசுறேன். பேசமாட்டேன்னா சொன்னேன்? நாலு மணிக்குத்தான ஆபரேசனுக்கு உள்ள கொண்டு போறாக. உங்கய்யாவுக்கு இடுப்பு ஒடஞ்சிருச்சு, நெஞ்சுக்கும் பலம் பத்தாது, மயக்க ஊசி போட்டா முழிப்பாரோ என்னமோன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதுக்கு முந்தி சுலைகாம்மா கொரல ஒருதடவ கேக்கணும்ங்கறாரு. ஒன் வீட்டுக்காரரு அங்கன மதுரை ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துல போனக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு. எல்லாம் வெளங்கிருச்சு. நேரம் கெடக்கு. டீ போடுறேன். இந்தச் சீனி டப்பாவ எங்கன வச்சேன்னுதான் தெரியல, இரு.

அது சரி, நம்பர எப்புடிப் புடிச்ச? ஓ, டெலிபோன் ஆபீஸ்ல போயி விசாரிச்சியா. உங்கய்யாவக் கூப்புடுற சுலைகாம்மா, மாரீஸ்வரன், கோகிலா, மூணு பேரும் ஒரே வீட்டுல இருந்து பேசுறாகன்னு தெரிஞ்சதும் ஒனக்குத் தலை சுத்தியிருக்குமே. உங்கய்யாவுக்கு அது தெரிய வழியே இல்ல. அவரு வச்சிருக்குறது அந்தக் காலத்துக் கருப்பு போனு, நம்பர் காட்டாது. டெலிபோன் டிபார்ட்மெண்டுல சூப்பர்வைசரா இருந்த மனுசன், அதை மாத்த மாட்டாரு. அதை நம்பித்தான நான் கடையத் தொறந்தேன்.

எக்ஸ்சேஞ்சுல நான் ஆப்பரேட்டர் தாயி. அவருக்குக் கீழதான். இராமலட்சுமின்னு என் நெசப் பேரச் சொன்னாச் சிரிப்பாரு பாரு, இல்ல, சிரிக்க மாட்டாரு. இந்தச் சில்லா முழுக்க யாரு எப்புடி ஹலோ சொல்லுவாகன்னு எனக்கு அத்துப்படி. வாயத் தொறந்தா யாரு கொரலும் வரும். அப்பறம் நாங்க வயர் சொருகி லைன் குடுக்குற போர்டப் பிரிச்சுக் காயலாங்கடைக்குப் போட்டாக, கொஞ்ச வருசத்துல என்னையும் வீட்டுக்கு அனுப்புனாக. மறுநாள் காலைல இந்தக் கை ரெண்டும் சும்மா இருக்க மாட்டேங்குது. சாப்பாட்டு மேஜையில இல்லாத வயரச் சொருகுது, புடுங்குது. எதிர்த்த வீட்டு முருகம்மாள், ராமேஸ்வரம் போயி இருவத்தி ரெண்டு தீர்த்தத்துலயும் குளிங்கக்கா, மனசு அடங்கும்னா. குளிச்சேன். சளி புடிச்சுச்சு.

அந்தச் சளியோடதான் ஒருநா உங்கய்யாவுக்குப் போன் போட்டேன். வாயில வந்தபடி வைய்யணும், அவ்வளவுதான் எண்ணம். மொத ரிங்குலயே எடுத்துட்டாரு தாயி. ரிங்கு முழுசா அடிச்சு முடிக்கல. பக்கத்துலயே உக்காந்துருக்காரு மனுசன், எவனாவது கூப்புடுவானான்னு. ஹலோ, செல்லச்சாமி ஹியர். ரிட்டயர் ஆகி எத்தனை வருசம், இன்னமும் ஹியர். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. வைய்ய வாயத் தொறந்தா, கீழக்கரைப் பாட்டியம்மா கொரல்ல சுலைகாம்மா வந்துட்டா. யா அல்லா, யாரு வாப்பா பேசுறது, எம் போனுக்குள்ள கடலு எரையுது வாப்பா, பேசுனா அலை அடிக்குது, கொஞ்சம் என்னான்னு பாரேன்.

ராங் நம்பர்னு வச்சிருக்கலாம்ல? வைக்கலையே. ரிசீவரத் திருகிக் கழட்டுங்கம்மா, மெல்ல ஊதுங்கம்மா, இப்ப ஹலோ சொல்லுங்கம்மா. நான் டீ குடிச்சுக்கிட்டே அலை இன்னும் அடிக்குது வாப்பாங்கறேன். ஒரு வாரம் தாயி. ஒரு வாரம் அந்தக் கடல வத்த வைக்கப் பாத்தாரு உங்கய்யா.

சிரிச்சிட்ட பாத்தியா. சிரி, சிரி. மணி என்ன? இருக்கு, இருக்கு, பதறாத.

அதுக்கப்பறம் முதுகுளத்தூர்ல இருந்து மாரீஸ்வரன் வந்தான். சார் வணக்கம் சார், மொளகா வெளைச்சல் போச்சு சார், இன்சூரன்சுக்கு எங்கன எழுதணும் சார். உங்கய்யா தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்து கேட்டுட்டு வந்து சொன்னாரு. இல்லாத மொளகாய்க்கு. அப்பறம் கோகிலா, காலேஜு முடிச்ச புள்ள, பேங்கு பரீச்சை எழுதணும், இங்கிலீசு வராது. அதுக்குத் தெனமும் பாடம். டிக்சனரி வாங்குனாரு, முந்துன நாளே படிச்சுட்டு வந்து உக்காருவாரு. தப்புச் சொன்னா, இட்ஸ் ஆல்ரைட் கோகிலா, ட்ரை எகெய்ன்பாரு. எங்ககிட்ட ஒருநாளும் இட்ஸ் ஆல்ரைட் சொன்ன மனுசன் இல்ல. எனக்கே பாதி இங்கிலீசு வந்துருச்சுன்னா பாரேன்.

அவரு வீட்டுக்குப் பால் ஊத்துற பொம்பளதான் எனக்கும் ஊத்துறா. அவ சொல்லுவா, அந்தப் பெரியவரு காலைலயே குளிச்சு, சட்டை தேச்சுப் போட்டு, போனு முன்னாடி ஆபீசு மாதிரி உக்காந்துர்றாருக்கா, கேட்டா எனக்கு ரிட்டயர்மெண்டே கெடையாதுங்கறாருன்னு. ரிட்டயர் ஆனவுகளுக்கு மனசுக்கு ஒரு வேலை வேணும்னு எல்லாரும் சொல்றாகல்ல. நான் அவருக்குக் குடுத்தேன். எனக்கு அவரு. நீயும் கூப்புடுவ, இல்லேங்கல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. அய்யா நல்லாருக்கீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வச்சிரவா. ஒன் கொரல் சரியா வருதா? கோவிச்சுக்காத.

நல்லதுதான செஞ்சிருக்கீங்கங்கறியா? இல்ல தாயி. அவரு நல்லா ஒசந்து நிக்கட்டும், அப்பறம் ஏணிய உருவலாம்னுதான் ஏத்துனேன். போன ஆடியில ஒரே நாள்ல மூணு பேரையும் நிறுத்துனேன். சொல்லல, கொள்ளல. சுலைகாம்மா லைன்ல இல்ல, மாரி இல்ல, கோகிலா இல்ல. போன் அடிக்காது, ஆனா உக்காந்திருப்பாருன்னு தெரியும். இங்கன உக்காந்து நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன். மறுநாக் காலைல இந்தக் கை தானாப் போனுகிட்டப் போச்சு, அது வேற கதை. கைய மடியில போட்டு அமுக்கிக்கிட்டு உக்காந்துருந்தேன்.

அவரு தேடிக்கிட்டுக் கெளம்புவாருன்னு நான் நெனைக்கல. கீழக்கரையில தெருத்தெருவா, தனியா இருக்குற சுலைகாம்மா வீடு எது, போனு ரிப்பேரான வீடு எதுன்னு வேகாத வெயில்ல கேட்டுருக்காரு. சுலைகான்னா ஊருல எத்தனை பேரு! ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் தண்ணி குடுத்து அனுப்பிருக்காக. கடைசியில மசூதிப் படிகிட்ட விழுந்துதான் இடுப்ப ஒடச்சுக்கிட்டாரு. கேட்டப்ப எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா விழுங்கன்னு நான் சொல்லலையே. காத்துக் கெடக்கத்தான் வச்சேன்.

டீ எடுத்துக்க. அப்புடி எங்கய்யா ஒங்களுக்கு என்னதான் செஞ்சாருன்னு வந்ததுல இருந்து கேக்குற. பெருசா ஒண்ணும் இல்ல தாயி. அவரு ரூலுப்படி நடந்தாரு.

எங்கம்மா இருந்தது ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துல, அக்காள்மடத்துல. நெஞ்சு வலின்னு ராமேஸ்வரத்துல ஆஸ்பத்திரியில சேத்துருந்தாக. எனக்குத் தெரியாது, நான் காலை ஷிப்டுல இருந்தேன். என் தம்பி ஆஸ்பத்திரிப் போன்ல இருந்து எக்ஸ்சேஞ்சுக்குக் கூப்புட்டுருக்கான். அம்மா ஒருவார்த்தை அக்காகிட்டப் பேசணும்ங்குது சார், நர்சு கட்டிலப் போனு கிட்டத் தள்ளிக்கிட்டு வந்துருக்காக சார்னு சொல்லிருக்கான். உங்கய்யாதான் எடுத்தது. டூட்டியில இருக்கும்போது ஆப்பரேட்டர் சொந்தக் கால் பேசக் கூடாது. அதான் ரூலு. லைன்லயே இருன்னு அவன்கிட்டச் சொல்லிட்டாரு. என்கிட்ட ஒண்ணும் சொல்லல. எனக்குப் பக்கத்துப் போர்டுல ஒரு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. யாரு இம்புட்டு நேரம் காத்துக் கெடக்குறதுன்னு நெனச்சுக்கிட்டே நான் ஊருக்கெல்லாம் துபாய் லைனு போட்டுக்கிட்டு இருந்தேன். பாத்துக்கிட்டு இருக்கும்போதே அணைஞ்சுச்சு. ஷிப்டு முடிஞ்சப்பறம் சொன்னாரு. இராமலட்சுமி, ஒனக்கு ஒரு கால் வந்துச்சு, இப்ப பேசிக்க. பேசுனேன். தம்பி எடுத்தான். இனிமே எதுக்கு அக்கான்னான்.

ஏன் தாயி எந்திரிச்சிட்ட? மணியப் பாத்தியா. ஆமா, நாலு தாண்டிருச்சு. இம்புட்டு நேரம் ஒன்னைய உக்கார வச்சுச் சீனி டப்பா தேடுனேனே, எதுக்குன்னு நெனச்ச?

அந்தா, ஒன் போனு. ஒன் வீட்டுக்காரராத்தான் இருக்கும், உள்ள கொண்டு போயிட்டாகன்னு சொல்லுவாரு. எடு தாயி. அடிக்கிற போன அப்புடிப் பாத்துக்கிட்டே இருக்கக் கூடாது.