நாகப்பன் கலர்

சென்ற வியாழக்கிழமை காலை, திருமழிசை தொழிற்பேட்டையில் கலர் சோடா வண்டி கிளம்பும் நேரத்தில், நம் நாகப்பன் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்தின் மேடையில் இருக்கும் தொழிற்பேட்டைச் சங்கத் தலைவர் ராஜசேகரன் அவர்களே, பாட்டில் கழுவிய ஈரக்கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, ஆவடியிலிருந்து பஸ் பிடித்து வந்த தோழர்களே, நாகப்பனின் துணைவியார் பேபி அம்மா அவர்களே! நான் பூந்தமல்லி மளிகைக்கடை கோதண்டம்.

இன்று வேப்பம்பட்டு வரைக்கும் நாகப்பன் கலரைத் தெரியாதவர் உண்டா? ஆனால் எண்பத்தொன்றில் முதல் பாட்டில் கிரேட்டை அவர் என் கடைக்குத்தான் கொண்டுவந்தார். நாவல்பழ நிறம், பன்னீர் வாசம். ஒன்றைத் திறந்து நீட்டினார். மோந்து பார்த்தேன், குடிக்கவில்லை.

"சரக்கு நல்லாத்தான் கீது நைனா. லேபிள்ல உன் பேரை எட்த்துட்டு சாமி பேரு எதுனா போடு. காலனி ஆளு பாட்டில்ல எங்க தெருக்காரங்க வாய் வெக்க மாட்டாங்க."

சொன்னவன் நான்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் கோபப்பட்டாரா?

"சாமிக்கு ஏற்கெனவே ஆயிரம் வேல கீது அண்ணாத்தே. அது தலைல சோடாவையும் ஏத்தணுமா?"

கிரேட்டை சைக்கிளில் கட்டிக்கொண்டு போயேவிட்டார்.

எங்கே போனார்? ஆவடிக்கு! ராணுவ டாங்கித் தொழிற்சாலை வாசலுக்கு! பஞ்சாபி, மலையாளி, வங்காளி, பீகாரி... கழுவிக் கழுவி நிரப்பிய அதே பாட்டில் எத்தனை வாய்க்குப் போனது! இதற்கு முன் குடித்தவன் யார் என்று ஒருவனாவது கேட்டானா? லீவில் ஊருக்குப் போகிறவர்கள் டிரங்குப் பெட்டியில் ஆறு பாட்டில் வைத்து ரயிலேறினார்கள். நாடு, நாடு என்று மேடையில் பேசுகிறோம். நான் நாட்டைப் பார்த்தது ஷிப்டு விடும் நேரத்தில் அந்த வாசலில்தான்.

எண்பத்தெட்டில் என் மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஆவடிக்காரர்கள். சம்பந்தியம்மா சாமுண்டீஸ்வரி பந்தலில் உட்கார்ந்ததும் கேட்டார்: "இன்னா சம்பந்தி, நாகப்பன் கலர் இல்லாமயா கல்யாணம்?"

ஆள் அனுப்பினேன். பத்து கிரேட்டோடு நாகப்பனே வந்தார்.

"வெலை அதேதான் அண்ணாத்தே. ஆனா ஒரு பாட்டில் நீ என் எதிர்ல குடிக்கணும்."

என் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் மோந்து மட்டும் பார்த்த பாட்டிலில் வாய் வைத்தேன்.

"எப்டி கீது?"

நான் சொல்லுமுன் ஏப்பம் பதில் சொல்லிவிட்டது. பந்தலே சிரித்தது, அவர்தான் அதிகம் சிரித்தார். மறுநாள் முதல் அவர் கலர் என் கடையில், அவர் பெயரோடு!

இப்போது ஒரு பெரிய கம்பெனி எனக்குக் குளிர்பெட்டி இலவசமாகத் தருகிறதாம். நாகப்பன் கலரை மட்டும் நான் நிறுத்திவிட வேண்டுமாம். பேபி அம்மாவிடம் இருக்கிற பாட்டிலையெல்லாம் மொத்தமாக வாங்கவும் அதே கம்பெனி ஆள் வந்தது. பாட்டில் போனால் கலர் ஏது? இங்கே வேலை செய்கிற பதினெட்டுக் குடும்பங்களுக்குப் பிழைப்பு ஏது? கோதண்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவான் என்று பின்வரிசையில் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நியாயம்தான், நான் வியாபாரி. விலை பேசத்தான் இன்று காலை பேபி அம்மாவைப் பார்த்தேன்.

"மறுபடியும் பேரை எடுக்கச் சொல்லத்தான் வந்துகீறியா அண்ணே?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான்.

நாகப்பா! நாளைக் காலை உன் வண்டி கிளம்பும். பாட்டிலை பேபி விற்கவில்லை. குளிர்பெட்டியை நான் வாங்கவில்லை. நாங்கள் பேசி முடித்தது இது: மாதம் ஐந்நூறு கிரேட், கிரேட் நாற்பத்தெட்டு ரூபாய், பணம் முன்னதாக, லேபிளில் நாகப்பன் பெயர்.