அப்பாவுக்குப் போட்ட இலை

அந்த லைற்றை நூத்துவிடுங்கோ. ம்... கிட்ட வாங்கோ. இது நிரூபாவின்ர மாமி கமலினி அன்ரிக்கு நடந்தது. நிரூபா இண்டைக்கு வரேல்ல, அதாலதான் வாய் திறக்கிறன்.

போன ஆடி அமாவாசை. பின்னேரம் ஆறு மணி. இஞ்ச அவுஸ்திரேலியாவில ஆடியெண்டால் குளிர்காலந்தானே, அஞ்சரைக்கே கும்மிருட்டு. டூங்கபியில ரயில் பாதையோட போற முட்டுத் தெரு... கடைசி வீடு. வெளியில ஒரு சனமில்லை. கமலினி அன்ரி வேலையால வந்து, முழுகி, மரக்கறி சமைச்சு, செத்துப்போன அப்பாவுக்குப் படைக்கிற இலையைப் பின்வளவுக்குக் கொண்டுபோறா. மத்தியானம் வைக்கவேண்டிய இலை. காகமெல்லாம் எப்பவோ அடைஞ்சிட்டுது.

ஆனா அண்டைக்கு அன்ரியின்ர மனசில அப்பா இல்லை. தங்கச்சி மயூராதான் நிண்டா.

முதல்நாள் கெல்லிவில்லில மயூரா வீட்டில விருந்து. ஹோல் சுவர் முழுக்க ஒரு வம்ச மரம், கண்ணாடி போட்டு. மருமகள் இங்ரிட் நோர்வேக்காரி, மரம் அந்தப் பிள்ளையின்ர வழி. கீழ மயூராவின்ர மூண்டு பேரப்பிள்ளையள். அதுக்கு மேல வட நோர்வேயை ஆண்ட பிரபுக்கள். அவைக்கு மேல சேமிங் எண்ட ராசா. எல்லாத்துக்கும் உச்சியில அந்த ராசாவின்ர தகப்பன்... ஒடின். நோர்வேக்காரற்ற பழங்காலக் கடவுள். ஞானம் வேணுமெண்டு ஒரு கண்ணைப் பிடுங்கிக் குடுத்தவர். ரெண்டு தோளிலயும் அண்டங்காகம்.

"எங்கட பிள்ளையள் கடவுள் வழி, அக்கா" எண்டு மயூரா கேக் வெட்டிக் குடுத்தவ. அன்ரி அந்தக் கேக்கைத் தட்டிலயே வைச்சிட்டு வந்திட்டா.

மயூரா பெரிய வீடு வாங்கேக்க வயிறு எரிஞ்சதுதான். பேரப்பிள்ளையள் பிறக்கேக்கயும் எரிஞ்சது. ஆனா இது வேற. ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா, மானிப்பாயில சைக்கிள் திருத்தினவர். தங்கச்சி வீட்டுக்கு மட்டும் கடவுள் எப்பிடி வந்தார்? தன்ர மகள் பிரவீணாவுக்கு இப்ப ஆறு மாசம். பிறக்கப்போற பிள்ளைக்குச் சைக்கிள் கடைதானோ?

இலையைப் புல்லில வைச்சா. அப்பாவின்ர பேரைச் சொல்லேல்ல.

"ஒடின்... என்ர பேரப்பிள்ளைக்கும் நீங்கள்தான் மூத்தவர். வாங்கோ."

பிறகு வழக்கம்போல... "கா... கா..."

ஒரு ரயில் போச்சுது. சத்தம் அடங்கிச்சுது. பிறகு... டொக்.

உடுப்புக் காயப்போடுற கம்பியில ஒரு காகம். டொக். இன்னொண்டு. அந்த இருட்டில! கத்தேல்ல, சாப்பிடேல்ல. நனைஞ்ச நாயின்ர மணம்... அதோட கறள் பிடிச்ச இரும்பு மணம். கேற் கிரீச்செண்டுது. தொப்பி போட்ட ஒராள், நல்ல உயரம், கையில பொல்லு. அப்பாவுக்கெண்டு அன்ரி வருசாவருசம் போட்டு வைக்கிற கதிரையில வந்து இருந்தார்.

தொப்பிக்குக் கீழ ஒரு கண்தான் மினுங்கினது. மற்றது பள்ளம். அந்தப் பள்ளத்தை விரலால தொட்டுக் காட்டினார். பிறகு கையை நீட்டினார்.

அன்ரி பயந்தவதான், பொய் சொல்லக்கூடாது. ஆனா பயத்தையும் மிஞ்சி நிண்டது எரிச்சல். தன்ர கண்ணைத்தான் கேக்கிறார் எண்டு நினைச்சு, "எடுங்கோ" எண்டா. முகத்தைப் பொத்திக்கொண்டு நிண்டா. கையை எடுத்துப் பார்த்தால்... ரெண்டு கண்ணும் வடிவாத் தெரியுது. கதிரை வெறுமை. இலையில ஒரு பருக்கை குறையேல்ல.

ஐப்பசியில பிரவீணாவுக்குப் பெடியன் பிறந்தான். நல்ல சுகம். மூண்டாம் நாள் ஒரு கண்ணைத் திறந்தான். மற்ற இமைக்குக் கீழ... ஒண்டுமே இல்லை. டொக்டர்மார் பிறப்பில அப்பிடி எண்டினம். பிள்ளையை அன்ரி வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலயிருந்து, கம்பியில அதே ரெண்டு காகம்.

மயூரா பார்க்க வந்தா. வந்த ஆக்களெல்லாம் அழுதவை. மயூரா அழேல்ல. பிள்ளையைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்துக்கொண்டே நிண்டா. முகம் கறுத்துப்போச்சு. அன்ரிக்கு அந்த முகத்தைத் தெரியும். வருசக்கணக்காக் கண்ணாடியில பார்க்கிற முகம்.

"என்ர மூண்டில ஒண்டுக்கும் அவற்ற சாடை இல்லை, அக்கா. உங்களுக்கு மட்டும் எப்பிடி?"

முதல்தரமா தங்கச்சி தன்னைப் பார்த்து எரியிறா. அன்ரிக்கு, அந்த நிலைமையிலயும்... இனிச்சுது.

"அப்பாவின்ர இலையை அவருக்குப் போட்டனான். பேர் சொல்லிக் கூப்பிட்டனான். வந்தவர்."

"வேற?"

சொல்லியிருக்கலாம். கை நீட்டினதை. எடுங்கோ எண்டதை. வாய்வரைக்கும் வந்ததுதான்.

"வேறொண்டுமில்லை" எண்டா அன்ரி.

அடுத்த அமாவாசை. பொழுதுபட, குசினி யன்னலால எட்டிப் பார்த்தா. காகம் ரெண்டையும் காணேல்ல. கம்பி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடிச்சுது... மயூரா.

"அக்கா, வந்திட்டார்!" குசுகுசுக்கிற குரல், அவ்வளவு சந்தோசம். "கதிரையில இருக்கிறார். கையை நீட்டுறார்... என்னத்தைக் கேக்கிறார், அக்கா?"

பின்னால மூண்டு பேரப்பிள்ளையளும் ஓடி விளையாடுற சத்தம் கேட்டுது.

அன்ரி போனை வைச்சிட்டா.